சிடிக்கு வைத்த பொட்டு

ஓய்வு பெற்ற பிறகும் எப்போதாவது நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது ஸ்குரூவைத் தரையில் வைத்தால் மனசு பதறும். சொல்ல மாட்டேன்.

போன தடவை போனபோது ஒரு பழைய லேப்டாப் சர்வீசுக்கு வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இருந்த சின்னப் பொத்தானை அமுக்கினாள். கிளிக் என்று ஒரு தட்டு வெளியே எட்டிப் பார்த்தது. அவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"அய்யா, என்னமோ உடைச்சுப்போட்டேனுங்க."

"உடையலை கண்ணு. அது சிடி போடற தட்டு."

"லேப்டாப்புக்குள்ளயே சிடியா? உள்ள போயி அது என்ன பண்ணுமுங்க?"

"சுத்தும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "அந்தக் கதையெல்லாம் எழுதிக் குடுங்கய்யா, நாங்க படிக்கறோம்" என்றார்கள். கேலிக்குச் சொன்னார்களா நிஜமாகவே சொன்னார்களா என்று யோசித்து யோசித்துக் கடைசியில் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கணக்கு வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொள்வேன். பரீட்சைத் தாள் என் உள்ளங்கை வியர்வையில் நனைந்து கிழிந்து போகும். சித்தப்பா ஒருவர் டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார்; அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் டைப்ரைட்டர் சர்வீஸ். அப்புறம் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பெட்டி சுமக்கிற வேலை. என் வாலிபம் முழுக்க இந்த நாலு வரிக்குள் அடங்கிவிட்டது. அதில் பயந்துகொண்டிருந்த நேரத்தைக் கழித்துவிட்டால் இரண்டு வரிகூடத் தேறாது.

தொண்ணூறுகளின் கடைசியில்தான் எங்கள் கடைக்கு லேப்டாப் வரத் தொடங்கியது. வாங்கியவர்கள் மில்காரர்கள், பம்புசெட் கம்பெனிக்காரர்கள், பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள். வாங்கியவருடைய இடத்துக்கே போய் அதை இயக்கிக் காட்டிவிட்டு வர ஓர் ஆள் வேண்டும். அதற்கு டெமோ என்று பெயர். கடையில் டிப்ளமோ படித்த பையன்கள் இருந்தார்கள். ஆனால் எங்கள் சர்வீஸ் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தனலட்சுமி மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க வேலுச்சாமியண்ணா, இந்த டெமோவுக்கு இனி நீங்க போயிட்டு வாங்க."

"நானுங்களா மேடம்? எனக்கு இங்கிலீசே வராதுங்களே."

"அவங்களுக்கும் வராதுங்க. பசங்க போனா கடகடன்னு சொல்லிப்போட்டு வந்தர்றாங்க. நீங்க பயந்து பயந்து பண்ணுவீங்க. பாக்கறவங்களுக்கு அதுதான் புரியும்."

மேடம் என்னைவிட வயதில் இளையவர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணா என்பார். அந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் எங்கள் வேலை நிம்மதியாக ஓடியது.

அன்று மத்தியானமே ஒரு லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தார். எழுத்துக் கட்டைகளுக்குக் கீழே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். திருகக் குமிழ் இல்லை, அமுக்கப் பள்ளம் இல்லை. "தடவுங்க" என்றார். தடவினேன். திரையில் இருந்த அம்புக்குறி ஒரு மூலைக்குப் பாய்ந்தது. அங்கிருந்து இன்னொரு மூலைக்குத் தாவியது. நின்ற இடத்தில் நின்று நடுங்கியது. என் மனசை யாரோ கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுக் காட்டுவது போல இருந்தது. கையை எடுத்தேன். அதுவும் அடங்கியது.

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. சதுரத்தில் படிந்திருந்த ஈரத்தைப் பார்த்தார். துணியால் துடைத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினார். "இதைக் கொஞ்சம் விரல்ல தேச்சுக்கிட்டுப் பாருங்க."

தேய்த்துக்கொண்டு தொட்டேன். அம்புக்குறி நகர்ந்தது. சிங்காநல்லூர்க் குளத்தில் நீர்க்கோழி போகுமே, அடியில் கால் அடிப்பது தெரியாமல் மேலே சும்மா மிதந்துகொண்டு, அப்படிப் போனது. நான் விரலை மெதுவாக்கினால் அதுவும் மெதுவாக வந்தது. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கடையில் யாரோ விலை பேசுவதும், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர் பெயர் சொல்லிக் கூவுவதும் தூரத்தில் எங்கேயோ கேட்டன. அன்று முதல் என் சட்டைப் பையில் ஒரு சின்னப் பவுடர் டப்பா இருக்கும்.

டெமோவுக்கு என்று நான் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் லேப்டாப்பைக் கட்டில் மெத்தையில் வைக்காமல் பலகையில் வைக்க வேண்டும். பிறகு வந்திருப்பவர்கள் எல்லோரும் கை கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். சதுரத்தில் ஒரு விரல் மட்டும். மற்ற விரல்கள் தூக்கியபடி. நகம் படக்கூடாது, சதை படவேண்டும். லேசாக ஒரு தட்டுத் தட்டினால் கேட்கும், அடித்தால் கேட்காது. அதன் பிறகுதான் சிடி. பொத்தானை அமுக்கினால் தட்டு முழுசாக வராது, கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மிச்சத்தை நாம்தான் இழுக்க வேண்டும். இழுத்ததும் இடது கையை அடியில் கொடுத்துத் தாங்க வேண்டும். சிடியின் ஓட்டை நடுக்குமிழியில் உட்கார்ந்து டக்கென்று சத்தம் வரும்வரை அமுக்க வேண்டும். அந்த டக் வராமல் தள்ளிவிட்டால் உள்ளே போய்க் கரகரக்கும். எழுத்து மேலே, பளபளப்புக் கீழே.

இந்தக் கடைசி விஷயம்தான் யாருக்கும் ஒப்பாது. பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, இத்தன பளபளன்னு இருக்கறதைக் கொண்டுபோயிக் கீழ கமுத்து வெக்கச் சொல்றீங்க? பட்டுச் சேலைய உள்பக்கமாத் திருப்பிக் கட்டுவாங்களா?"

"படிக்கறது கீழ இருந்துதானுங்க படிக்குது."

"என்னத்தைப் படிக்குதோ. நாம படிச்ச லட்சணத்துக்கு அது படிச்சாச் சரி" என்றார். அவர் மனைவி சிரித்ததில் காப்பி டம்ளர் சாய்ந்தது. அது லேப்டாப்பில் படவில்லை. ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எங்கள் கடையில் யாருக்கும் லீவு கிடையாது. நம் பக்கத்தில் கத்தரிக்கோலிலிருந்து லாரி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைப்பார்களே. கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது? கட்டைகளுக்கு நடுவில் பொரி, பிளாப்பி வாயில் குங்குமம், திரையின் நெற்றியில் விபூதிப் பட்டை என்று வரிசையாக வந்து இறங்கும். தனலட்சுமி மேடம் அவற்றைப் பார்க்கிற விதமே வேறு. பையன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மேடம் ஒவ்வொன்றையும் திறக்கும் முன் அந்தப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், விருந்துக்கு வந்த ஒரம்பரை வீட்டுக் குழந்தையைப் பார்ப்பது போல. பிறகு வளையல்களைக் கழற்றி ஜன்னல் மேடையில் வைப்பார். கை கழுவிவிட்டு வருவார். மேசையில் வெள்ளைத் துண்டை விரிப்பார். அதன் பிறகு கடை எரிந்தால்கூட அவர் அவசரப்பட மாட்டார்.

அவருடைய பெரிய வித்தை காதில் இருந்தது. சிடியை உள்ளே தள்ளியதும் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கிட்டத்தில் கொண்டுபோவார். "இப்ப எந்திரிக்குதுங்க... இப்பத் தேடுது... ம், கெடைச்சிருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கெட்டுப்போன எதையும் அவர் வாயால் கெட்டுப்போனது என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பாக்கலாமுங்க" என்பார். அதைக் கேட்டுக்கொண்டே ஆட்கள் தைரியமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குத்தான் அந்த "பாக்கலாமுங்க" ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒரு வருசம் அந்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே டியூப்லைட் போட்டிருந்தோம். கூரைத் தகரத்தில் தூறல் விழும் சத்தத்தில் கடையே அரைத் தூக்கத்தில் இருந்தது. அப்போது ஓர் அம்மணி உள்ளே வந்தார். கையில் ஒயர்கூடை. கூடைக்குள் பெட்ஷீட்டில் சுற்றிய லேப்டாப்.

"அண்ணா, என்னைத் தெரியுதுங்களா? சென்னிமலை. விரல் வேலை செய்யாதவ."

தெரியாமல் இருக்குமா? அவர் பெயர் துளசிமணி. சென்னிமலையில் பெட்ஷீட் தறிகள் வைத்திருந்த சென்னியப்பன் என்கிற முதலாளியிடம் தார் சுற்றிக்கொண்டிருந்தவர். தார் என்பது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றிய குச்சி. தறிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து சுற்ற வேண்டும். அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். முதலாளி டிசைன் வரைவதற்கென்று லேப்டாப் வாங்கினார். டெமோவுக்கு நான்தான் போயிருந்தேன். முதலாளியின் மச்சான் பையன் பொறுமையில்லாமல் எழுந்து போய்விட, ஓரமாக நின்றிருந்த இவரை உட்காரச் சொன்னார்கள். விரலை எப்படித் தேய்த்தாலும் அம்புக்குறி அசையவில்லை. நூல் ஓடி ஓடி விரல் நுனி காய்ந்து மரத்துப் போயிருந்தது. என் விரலில் ஈரம் அதிகம். அவர் விரலில் ஈரமே இல்லை. ஈரத்துணியை ஒற்றிக்கொண்டு தொடச் சொன்னேன். அன்றிலிருந்து அவர்தான் அதில் வரைந்துகொண்டிருந்தார்.

"என்னாச்சுங்க அம்மணி?"

"சிடி உள்ள போயி மாட்டிக்கிச்சுங்க. வெளிய வரமாட்டேங்குது. அம்பும் ஓடமாட்டேங்குது."

மேடம் பெட்ஷீட்டைப் பிரித்தார். மூடிமேல் சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு. திறந்தால், அந்தச் சாம்பல் சதுரத்தின் நட்டநடுவில் இன்னொன்று, வெடித்துக் காய்ந்து.

"சிடிக்கும் வெச்சீங்களா?" என்று மேடம் கேட்டார். சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரல்.

"வெச்சேனுங்க. தறிக்கு வெக்கறோம், கத்திரிக்கு வெக்கறோம், அதுக்கு மட்டும் வெக்காம எப்படீங்க உடறது? டிசைனெல்லாம் அதுக்குள்ளதானுங்களே இருக்குது."

"எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"மூஞ்சி தெரியற பக்கந்தானுங்க. அந்தப் பக்கம் பேனாவுல எழுதியிருந்துது. எழுத்து மேல போயிப் பொட்டு வெக்கலாமுங்களா?"

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. துளசிமணி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நிலைமை இதுதான். வெளிநாட்டிலிருந்து, மொத்தமாகத் துணி வாங்குகிற பையர் ஒருவர் கோயமுத்தூருக்கு வந்து ஓட்டலில் தங்கியிருந்தார். அன்று சாயங்காலம் முதலாளி போய் டிசைன்களைக் காட்ட வேண்டும். வரைந்து வைத்தவை எல்லாம் அந்த ஒரே சிடியில் இருந்தன. பஞ்சுத் தூசியில் பிளாப்பி கெட்டுப்போகிறதென்று ஈரோட்டில் கொடுத்து சிடியாக்கி வாங்கியிருந்தார்கள். லேப்டாப்புக்குள் இருந்தவை, நடுவில் வைரஸ் வந்து நாங்கள் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப ஏற்றியபோது போய்விட்டன. சிடி இருக்கிறதே என்று யாரும் கவலைப்படவில்லை.

"ஆர்டர் கெடைச்சா ஆபீசுக்குப் பக்கத்துல ஒரு ரூம்பு ஒதுக்கித் தாரேன், டிசைன் வேலைய நீயே பாரு அம்மணின்னு மொதலாளி சொல்லியிருக்கறாருங்க. கெடைக்காட்டி லேப்டாப்பை வித்துப்போட்டு, பம்பாய்க்காரங்ககிட்டயே டிசைனை வாங்கிக்கறாராம். நான் மறுக்காத் தார் சுத்தப் போகோணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தார் சுத்தறது கேவலமில்லீங்க. ஆனா இதுல உக்காந்து பழகிப்போட்டேன்."

மேடம் வளையல்களைக் கழற்றி ஜன்னல் மேடையில் வைத்தார்.

முதலில் பேட்டரியை எடுத்தார். தட்டின் முகப்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும்; அவசரத்துக்கு அதுதான் வழி. ஜெம் கிளிப்பை நேராக நிமிர்த்தி, கொஞ்சம்கூடச் சாயாமல் உள்ளே செலுத்தினார். தட்டு மயிரிழை அளவு விட்டுக்கொடுத்தது. இழுக்கவில்லை. ஊசியைப் பிடித்தபடியே இன்னொரு கையின் நகத்தால் தட்டைக் கீழ்நோக்கி அமர்த்திக் கொடுத்தார். உள்ளே ஏதோ உதிர்ந்தது. வெள்ளைத் துண்டில் செந்தூள் சிந்தியது. பிறகு தட்டு வழிக்கு வந்தது.

சிடியைத் திருப்பிப் பார்த்தோம். கெட்டதுதான், ஆனால் பார்க்க அழகாக இருந்தது. ஓட்டைக்கு மேலே, நெற்றி என்று தோன்றுகிற இடத்தில், விளிம்பையொட்டிப் பாதிப் பொட்டு மிச்சமிருந்தது. மீதிப் பாதி சுழற்சியில் இழுபட்டு, செம்மண் தடம் போல வட்டமாக ஓடியிருந்தது. அதைச் சுற்றி வானவில் நிறங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் மேடம் அதை அசைக்க அசைக்க, நிறங்கள் செந்தடத்தைத் தாண்டித் தாண்டிப் போயின. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சொரண்டக் கூடாதுங்க. ஊறட்டும்" என்றார் மேடம். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பொட்டின் மேல் போட்டார். அது ஊறும்வரை சும்மா இருக்க வேண்டும். எனக்கு அதுதான் முடியாத காரியம். மழையைப் பார்த்தேன். டீ வந்தது. சந்தன வாசனை கிளம்பிக் கடை முழுக்கப் பரவியது. சால்டரிங் புகை வாசனை அடிக்கிற அந்த மேசை, கோயில் பிராகாரம் போல இருந்தது. ஊறிய பிறகு துடைத்தார். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக மட்டும். வட்டமாகத் துடைத்தால் கீறலும் வட்டமாக விழும். படிக்கிற ஒளியும் வட்டமாகத்தான் போகிறது, அந்தக் கீறலுக்குள்ளேயே அது மாட்டிக்கொள்ளும். அடுத்தது தட்டுக்குள் இருக்கும் லென்ஸ், உளுந்துப் பருப்பளவு. பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஸ்பிரிட், ஒரே ஒரு தொடல். கடைசியாக, அந்தச் சாம்பல் சதுரத்தின் பொட்டை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார்.

சிடியைப் பொருத்தினார். டக். உள்ளே தள்ளிக் கண்ணை மூடினார்.

"எந்திரிக்குதுங்க... தேடுது... கெடைச்சிருச்சு."

துளசிமணி சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்.

சிடியில் முதலில் எழுதியது உள்வட்டத்திலும், கடைசியில் எழுதியது வெளிவட்டத்திலும் இருக்கும். அதனால் அவருடைய பழைய வேலைகள் வரிசையாக வந்தன. பழகும்போது கிறுக்கியவை, கட்டம் கட்டமாகப் பூ, கோணலான ஜரிகைக் கரை. ஒவ்வொன்றாக லேப்டாப்புக்குள் எடுத்து வைத்துக்கொண்டே வந்தோம். கடைசி டிசைன், பொட்டு இழுபட்டுக் கீறியிருந்த விளிம்புப் பக்கம். அங்கே வந்ததும் மேடத்தின் உதடு அசைந்தது. "தேடுது... தேடுது..." உள்ளே வேகம் எடுத்தது, தணிந்தது, மறுபடி எடுத்தது. திரும்பத் திரும்ப அதே. பிறகு மேடம் சொல்வதை நிறுத்திவிட்டார். உள்ளேயிருந்து வருகிற சத்தம் மட்டும் இருந்தது, இருட்டில் யாரோ சாவி தேடுவது போல.

மறுபடியும் துடைத்தார். மறுபடியும் போட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "இது வராதுங்க அம்மணி" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

வராமல் போனது சூரியகாந்தி. பெட்ஷீட் முழுக்கப் பெரிய பெரிய பூ. பையருக்கு இதைத்தான் காட்டவேண்டும் என்று முதலாளி தேர்ந்தெடுத்து வைத்திருந்தது.

துளசிமணி அழுவார் என்று பயந்தேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஈரத்துணி குடுங்கண்ணா" என்றார். விரலை ஒற்றிக்கொண்டு வரைய ஆரம்பித்தார். திரையில் ஒரு கட்டம் என்றால் துணியில் ஓர் இழை. ஒவ்வொரு கட்டமாகத் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். இதழ் ஒன்று முடிவதற்குள் டீக்கிளாஸ் ஆறிப்போனது. விரல் காய்ந்துவிடும், ஒற்றுவார், மறுபடி காய்ந்துவிடும். சாயங்காலத்துக்குள் ஒரு பூகூட முடியாது என்று எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஓர் இடத்தில் கையை எடுத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேறு ஏதும் செய்யத் தோன்றாதவர் போல, வந்து சேர்ந்திருந்த பழையவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தார். முதலாவதில் நின்றுவிட்டார்.

அது டிசைனே அல்ல. நான் டெமோ கொடுத்த அன்று, நேராக ஒரு கோடு போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். விரல் பட்ட இடத்தில் கோடு விழுந்திருந்தது, படாத இடத்தில் விட்டிருந்தது. மறுபடி கொஞ்சம் விழுந்து, சின்னதாக ஒரு துள்ளல் துள்ளி, மறுபடி அறுந்து, அப்படியே திரை முழுக்கப் போயிருந்தது.

"இதை அழிக்கலீங்களா?" என்றேன்.

"மொத மொதப் போட்டதுங்களே. மனசு வரலீங்க." முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அண்ணா, இதையே மறுக்கா மறுக்கா அடுக்குனா எப்படீங்க இருக்கும்?"

கோட்டைப் பிரதி எடுத்து அதன் கீழே வைத்தார். இரண்டு கட்டம் தள்ளி இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. உதட்டுக்குள் இழை எண்ணிக்கொண்டே போனார். துண்டு துண்டாக இருந்தவை ஒன்றுக்குக் கீழ் ஒன்று சேரச் சேர, விட்டுப்போன இடங்கள் சாய்வாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பிறகு அதைச் செங்குத்தாகத் திருப்பினார். நான் திரையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். இரண்டிலும் மழை பெய்துகொண்டிருந்தது. காற்றில் சாய்ந்து, விட்டு விட்டு, சத்தமில்லாமல். அம்புக்குறி அதற்குள் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தது. மேடம் பின்னால் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கடையில் நாங்கள் இருக்கிறோமா, அந்தத் துணிக்குள் இருக்கிறோமா என்று ஒரு கணம் எனக்குக் குழம்பிப் போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சென்னியப்பன் வந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். துளசிமணி எழுந்து நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"பொட்டோட உட்டயே அம்மணி, பூவும் வெச்சு உட்ருக்கலாமல்ல?" என்றார் முதலாளி. யாரும் சிரிக்கவில்லை. "சரி, சூரியகாந்தி இல்லீன்னா என்னத்தைக் கொண்டுபோயிக் காட்டறது?"

துளசிமணி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இதென்ன, நூலு அறுந்தாப்ல இருக்குது? இதைப் பாத்தா டேமேஜ் துணின்னு சொல்லி வெளிய அனுப்பிப்போடுவானே."

"அறுந்த நூலு இத்தன வரிசையா அறுகாதுங்க மொதலாளி. நீங்க பாக்காத அறுந்த நூலுங்களா?"

முதலாளி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பவுடர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடத்தைப் பார்த்தார்.

"ரெண்டே கலர்தானுங்க. நெய்யறதுக்குச் சுளுவா இருக்குமுங்களா, இல்லீங்களா?" என்று மேடம் கேட்டார். தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"சுளுவுதான்" என்று முனகினார் முதலாளி. "வண்டில ஏறு அம்மணி. வேற என்ன பண்றது?"

அவர்கள் கிளம்பும்போது எனக்கு ஒரு கவலை வந்துவிட்டது. ஓட்டலில் ஏசி இருக்கும். ஏசியில் விரல் இன்னும் காய்ந்து போகும். பையர் எதிரில் அம்புக்குறி அசையாமல் நின்றால்? என் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

"இதென்னுங்க, பையருக்கு ஒத்தடம் குடுக்கறதுக்கா?" என்றார் முதலாளி. துளசிமணி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலத் தூறலில் அந்தக் காரின் சிவப்பு விளக்கு நூறடி ரோட்டுப் பக்கம் கரைந்து போகும்வரை நின்றேன்.

அதற்குப் பிறகு சேதி ஒன்றும் இல்லை. மேடம் எப்போதும் போல வளையல்களைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். எனக்கு மட்டும் பஸ்ஸில் போனாலும், சாப்பிட உட்கார்ந்தாலும், தறிகளுக்கு நடுவில் ஒருவர் குனிந்து தார் சுற்றிக்கொண்டிருப்பது போலவே தோன்றிக்கொண்டிருந்தது. போன் செய்து கேட்கலாம். கேட்டு, நான் நினைத்ததே பதிலாக வந்துவிட்டால்? கேட்கவில்லை.

மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள், கடை போன் அடித்தது. மேடத்தின் கையில் ஸ்பிரிட் இருந்ததால் நான் எடுத்தேன். அந்தப் பக்கம் தடதடவென்று ஒரே இரைச்சல். தறிச் சத்தம். அதற்கு நடுவில் ஒரு குரல்.

"அண்ணா, சென்னிமலையில இருந்து துளசிமணி பேசறேனுங்க."

தறிக்குப் பக்கத்திலிருந்துதான் பேசுகிறார். "அம்மணி... அந்த ஆர்டரு என்னாச்சுங்க?"

"என்னங்க? ஒண்ணுமே கேக்கலீங்கண்ணா. சித்த இருங்க, என்னோட ரூம்புக் கதவைச் சாத்திப்போட்டு வாரேன்."

ரிசீவரை மரத்தின் மேல் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் நாலு எட்டு போனது. கதவு சாத்தப்பட்டது. அவ்வளவு தறிகளும் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டன. செருப்புச் சத்தம் நிதானமாகத் திரும்பி வந்தது.

"இப்பக் கேளுங்கண்ணா" என்றார்.